மண்டபம் கடற்கரையில் ஆய்வாளர்களுக்கான இரண்டு நாள் பயிலரங்கு: போகலாமா?

தன் ஆய்வைப் பொதுமக்களிடம் எப்படிச் சொல்வது என்று ஆய்வாளர்களுக்குக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிலரங்கு இது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடலோர ஊரில் நடக்கிறது. கடலியல், மீன்வளம், சூழலியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களும் இளம் உதவிப் பேராசிரியர்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ஒரு தடவைக்கு 14 பேர். கட்டணம் ஆளுக்கு 4,500 ரூபாய். தங்கலும் சாப்பாடும் அதற்குள் அடக்கம்.

இந்தப் பாடத்தைச் சென்னையிலோ கோவையிலோ ஏசி அறையில் உட்கார்ந்தும் படிக்கலாம். மண்டபம் வரை வரவேண்டியதற்கு ஒரே காரணம், இங்கே கேட்பதற்கு உண்மையான ஆட்கள் இருக்கிறார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் நான்கு பேர், நாட்டுப்படகுக்காரர் இரண்டு பேர் இரண்டு நாளும் கூடவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் கடல் வருமானத்துக்கு ஈடான கூலி கொடுக்கப்படுகிறது. கூலி கொடுப்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். "விழிப்புணர்வு" என்ற பெயரில் உழைக்கிற ஆளைக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்து அனுப்பும் கூட்டங்கள் இந்தக் கரையில் நிறைய நடந்திருக்கின்றன. கூலி வாங்கி வந்தவர் மரியாதைக்காகத் தலையாட்டுவதில்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறார். பயிலரங்கின் பாதி வெற்றி அதில் இருக்கிறது.

இந்த ஊருக்கு அப்படி ஒரு பயிலரங்கு தேவை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் இங்கே இயங்குகிறது. கடல்விரால் குஞ்சு பொரிப்பில் நாட்டிலேயே முதல் வெற்றி 2010-இல் இங்கேதான் கிடைத்தது. 1986-இல் இங்குள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. முக்கால் நூற்றாண்டாக இந்தக் கடலை அளந்து எழுதிய ஆய்வுத்தாள்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்தக் கடலிலேயே தினமும் முங்கி எழுகிறவர்களுக்கு அவற்றின் சாரம் தடையாணையாகவோ நோட்டீஸாகவோதான் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் நாள் காலையில் நடப்பதுதான் மொத்தப் பயிலரங்கின் உயிர். ஒவ்வொருவரும் தன் ஆய்வை 90 விநாடிக்குள் தமிழில் சொல்ல வேண்டும். படம் கிடையாது, தாள் கிடையாது. சொல்லி முடித்ததும் கேட்டவர்களில் ஒருவர், தனக்குப் புரிந்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். இரண்டும் போனில் பதிவாகும். பிறகு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை; எங்கே வழுக்கியது என்று பேசியவருக்கே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம். பவளப்பாறை பற்றிப் பேசியவர், "2010-லயும் 2016-லயும் கடல் சூடு கூடுனதால மன்னார் வளைகுடாப் பவளம் வெளிறிப் போச்சு" என்றார். வாக்கியத்தில் தப்பு இல்லை. திருப்பிச் சொன்ன அக்கா, "அந்த ரெண்டு வருசத்துலயும் பாரு செத்துப்போச்சுன்னு சொல்றாக" என்றார். பவளப்பாறையை இங்கே பார் என்பார்கள். வெளிறியதும் செத்ததும் ஒன்றல்ல என்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. அதுவே போய்ச் சேரவில்லை.

மதியத்துக்குள் அந்தப் பேச்சு இப்படி மாறியது: "பாருங்கிறது வெறுங் கல்லு இல்ல, உசுரு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதுக்கு நெறம் குடுக்கிறதும் அந்தப் பாசிதான், சோறு போடுறதும் அந்தப் பாசிதான். தண்ணி அளவுக்கு மீறி சுட்டா பாசி வெளியேறிடும், பாரு வெள்ளையாத் தெரியும். அப்ப அது பட்டினி கெடக்கு, இன்னும் சாகல. சில வாரத்துல தண்ணி ஆறுனா பாசி திரும்பி வரும். ஆறலைன்னா செத்துரும். செத்த கல்லு மேல வேற பாசி படர்ந்து பழுப்பாயிரும்."

கடைசி வாக்கியம் முதல் பேச்சில் இல்லை. முங்கிப் பார்க்கிறவருக்கு மிகவும் தேவையானது அதுதான். வெள்ளையாக இருப்பது பிழைக்கலாம். பழுப்பாகி நிறம் திரும்பியது போலத் தெரிவது செத்ததாகவும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் கேட்டவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு போவார். "அப்ப வெள்ளையா இருக்கும்போது அது மேல நங்கூரம் போடக் கூடாதுல்ல?" என்று படகுக்காரர் கேட்டார். செய்தி சேர்ந்துவிட்டது என்பதற்கு அந்தக் கேள்வியே அத்தாட்சி. மதிப்பெண் தாளெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது அமர்வு அளவும் பெயரும். இதுவும் நன்றாக அமைந்திருக்கிறது. ஆழத்தை மீட்டரில் சொன்னால் இங்கே யாருக்கும் மனதில் படம் வராது. பாகத்தில் சொல்ல வேண்டும். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஒன்பது மீட்டர் என்பதை ஐந்து பாகம் என்றால் போதும். நீரோட்டத் திசைக்கு வாநீவாடு, சோநீவாடு என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் இருக்கின்றன. "தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி" என்று சுற்றிவளைக்க வேண்டாம். கடற்புல் என்றால் மேடைத் தமிழ். தாழை என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மீன் பெயரில்தான் பெரிய பள்ளம். சென்னையில் சீலா என்றால் நீள வாயும் கூர்ப்பல்லும் உள்ள மீன். தெற்குக் கடற்கரையில் பல ஊர்களில் வஞ்சிரத்துக்குத்தான் அந்தப் பெயர். சென்னைக்காரர் சீலா என்பதை இங்கே ஊளி என்பார்கள். சென்னையில் அச்சடித்த துண்டறிக்கையில் "சீலா குறைந்து வருகிறது" என்று இருந்தால், இங்கே படிப்பவர் வேறு மீனை நினைத்துக்கொண்டு, "பொய் சொல்றானுக" என்று தூக்கிப் போட்டுவிடுவார். பயிலரங்கு சொல்லித்தரும் வழி எளிது. மீனின் படத்தை அந்த ஊரிலேயே மூன்று பேரிடம் தனித்தனியே காட்டிப் பெயர் கேளுங்கள். மூவரும் ஒரே பெயர் சொன்னால் எழுதுங்கள். இல்லாவிட்டால் படத்தையும் சேர்த்தே போடுங்கள்.

அலை உயரம் பற்றிய பகுதி உயிர் காக்கும் விஷயம். முன்னறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று வந்தால், எந்த அலையும் அதைத் தாண்டாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த எண் அப்படிப்பட்டதல்ல. அலைகளை உயரப்படி வரிசையாக்கி, மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. தனியாக ஓர் அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பலாம். ஆகவே "பெரிய அலைகள் சுமாரா ரெண்டு மீட்டர், எப்பவாச்சும் ஒண்ணு நாலு மீட்டர் வரைக்கும் வரலாம்" என்று சொல்ல வேண்டும். வள்ளத்தில் போகிறவருக்கு முடிவெடுக்க உதவுவது அந்த இரண்டாவது எண்தான்.

கணக்குச் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட பாடம் கப்பாஃபைக்கஸ் என்ற வளர்ப்புக் கடற்பாசி, இங்கே பெப்சி பாசி என்பார்களே, அது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை. இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி: மொத்தம் 60 கிலோ. 45 நாளில் நல்ல பருவம் என்றால் 260 கிலோ. ஆய்வாளர் "நாலு மடங்குக்கு மேல விளையுது" என்று முடித்தார். கேட்ட அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "காஞ்சா எத்தனை கிலோ வரும் தம்பி?" அடுத்த நடவுக்கு 60 கிலோ எடுத்து வைத்தால் மிச்சம் 200. பத்துக்கு ஒன்றாகக் காயும். கையில் நிற்பது 20 கிலோ. ஆய்வாளரின் 260-உம் அக்காவின் 20-உம் ஒரே மிதவையின் கணக்குதான். ஆனால் 260-ஐ மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அறுவடை அன்றைக்கு ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள். கூடவே ஓரா மீன் மேய்ந்துவிடுவதையும், கோடைச் சூட்டில் பாசி வெளுத்து முறிவதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008-இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு பக்கம் பிழைப்பு, ஒரு பக்கம் பார். ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பயிலரங்கு இதை அரை மணி நேரத்தில் கடந்துபோனது பெரிய குறை. துறைக்குள் ஒத்துப்போகாத விஷயத்தை ஊர்க்கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்பது தனிப் பாடம். எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், எதில் பிரிகிறார்கள், எது தெரிந்தால் வழக்கு தீரும் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒவ்வொருவரையும் பழக்கியிருக்க வேண்டும்.

இதைவிட மோசம், கோபமான கேள்விகளுக்கான அமர்வு. கடலட்டை எடுக்க 2001-லிருந்து தடை. எந்தக் கிராமத்தில் எந்த ஆய்வைப் பற்றிப் பேசினாலும் பத்தாவது நிமிடத்தில் அட்டை வந்துவிடும்: "எதிர்க்கரையில, இலங்கையில, லைசென்ஸ் குடுத்து எடுக்க விடுறாக, நாங்க எடுத்தா கேஸு. இதுக்கு என்ன சொல்றீக?" பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது: பொறுமையாக இருங்கள், புன்னகையுங்கள், நன்றி சொல்லுங்கள். இது போதாது. வழக்கு வாங்கியவர் முன்னால் புன்னகைப்பது கோபத்தைக் கூட்டும். செய்ய வேண்டியது வேறு. ஆய்வு என்ன கண்டது, சட்டம் என்ன சொல்கிறது, முடிவெடுப்பவர் யார் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். வனத்துறைக்காக ஆய்வாளர் பதில் சொல்லக் கூடாது. தெரியாத கேள்வியைக் கேட்டவர் கண்முன்னே நோட்டில் எழுதி, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று சொல்லி, அந்தத் தேதியில் பதில் கிடைக்காவிட்டாலும் "இன்னும் கிடைக்கலை" என்று போன் போட வேண்டும். இந்தக் கரையில் ஆய்வாளர்கள் மேல் இருக்கும் மனக்கசப்புக்கு முக்கியக் காரணம், வந்து கேள்வி கேட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்பதுதான். இந்த அமர்வை இரண்டு மணி நேரமாக நீட்டி, படகுக்காரர்களையே கேள்வி கேட்க விட்டுப் பழக்கினால், கட்டணத்தைக் கூட்டினாலும் தகும்.

மாலையில் கடற்கரையிலேயே ஒலிபெருக்கி வைத்துப் பேசிப் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் கைவேலை சுத்தம். காற்றில் காலர் மைக் வெறும் 'புஸ் புஸ்' என்றுதான் பிடிக்கும்; கூட வரும் பஞ்சு உறை கடற்காற்றுக்குத் தாங்காது. ரோம உறை போட வேண்டும். மைக்கைச் சட்டை மடிப்புக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்தால் இன்னும் குறையும். பேசுபவர் காற்று வரும் பக்கம் நின்று, கூட்டத்தைக் காற்று போகும் பக்கம் உட்கார வைக்க வேண்டும். காற்றோடு போகும் சத்தம் தரையை நோக்கி வளையும். எதிர்காற்றில் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். இதனால்தான் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக் கூட்டியும் பலன் இல்லாமல் போகிறது. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையை விட்டுவிட்டு வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கூட்டம் வைப்பது நல்லது. ஆறரை மணிக்கு முன்னால் புரொஜெக்டரை எடுக்கவே வேண்டாம்; வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஃப்ளெக்ஸ் அடித்தால் பளபளப்பில்லாத மேட் வகை கேளுங்கள். ஒரு படம், அதற்கு ஒரு வரி, அவ்வளவுதான். கருவிகளை அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து உள்ளே வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் உப்பு பிளக்கைத் தின்றுவிடும்.

இரண்டாம் நாள் காலை வாட்ஸாப் குரல் செய்தியும் வானொலியும். பாம்பனில் 2016-லிருந்து 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலியைப் படகிலும் வலை பின்னும் இடத்திலும் கேட்கிறார்கள் என்பதால், வானொலிக்கு எழுதப் பழகுவது இங்கே வீண்போகாது. நிமிடத்துக்கு நூறு சொல் தாண்டினால் மூச்சு வாங்கும். எண் மூன்றுக்கு மேல் வந்தால் ஒன்றும் நிற்காது. குரல் செய்திக்கு ஒரு விதி: முதல் வாக்கியத்திலேயே தேதியும் ஊரும் வர வேண்டும். ஃபார்வர்ட் ஆகும்போது செய்தி அனுப்பிய நாள் தொலைந்துபோகும். போன வருடத்துச் சொறிமீன் (ஜெல்லிமீன்) எச்சரிக்கை இந்த வருடம் சுற்றிவந்தால், அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடல்குதிரை இருக்கும் இடம், ஆவுளியா (கடற்பசு) மேயும் இடம் இவற்றைப் பொதுவில் துல்லியமாகச் சொல்லக் கூடாது என்று எச்சரித்தது மிகச் சரி. படத்தில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கும், அனுப்பும் முன் அழித்துவிடுங்கள் என்பதையும் செய்து காட்டினார்கள். படகுக்காரர் சொன்ன தகவலை வைத்துக் கண்டுபிடித்ததை, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு சொல்ல வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள்.

எழுத்துப் பயிற்சி சுமார்தான். 600 சொல் கட்டுரை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். திருத்தித் தருபவருக்குப் பத்திரிகைத் தமிழ்தான் பழக்கம். ஒருவர் எழுதியது: "பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளில் இழுவலை மீன்பிடிப்பின் தாக்கம் குறித்த மதிப்பீடு மேற்கொள்ளப்பட்டது." திருத்தியவர் 'மேற்கொள்ளப்பட்டது' என்பதை 'செய்யப்பட்டது' என்று மாற்றித் தந்தார். அது திருத்தமே ஆகாது. யார் செய்தார்கள், என்ன பார்த்தார்கள் என்பது உள்ளேயே புதைந்து கிடக்கிறது. "இழுவை மடி போன இடத்தில் தாழை எவ்வளவு அறுபட்டிருக்கிறது என்று முங்கிப் பார்த்து அளந்தோம்" என்று எழுதினால் கதவு திறக்கும். அதே வாக்கியம் விசைப்படகுக்காரர் மனதைச் சுடும் என்பதும் உண்மை. ஆகவே அளந்த இடம், ஆழம், மாதம் மூன்றையும் அடுத்த வரியிலேயே கொடுத்துவிட வேண்டும். "எல்லா இடத்துலயும் அப்படின்னு சொல்றாக" என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது. இந்த நுணுக்கத்தை மூத்த படகுக்காரர்தான் எடுத்துச் சொன்னார். திருத்துபவருக்குப் பக்கத்தில் அவரையும் உட்கார வைத்திருக்கலாம்.

நாள் குறிப்பதிலும் கோளாறு. கடைசி மாலை கிராமத்தில் உண்மையான கூட்டம். அது அமாவாசையை ஒட்டி விழுந்துவிட்டது. பாசிப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் போல, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னும் பின்னும்தான் கடலில் இறங்குவார்கள். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் வரமாட்டார்கள், வந்தாலும் உடல் அலுப்பில் கண் சொக்கும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாள் தனித்தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் நாட்டுப்படகு போகும். நாட்காட்டியில் பிறைக்கணக்கைப் பார்க்காமல் தேதி போட்டது கவனக்குறைவு. பதினைந்து பேருக்கு வைத்த நாற்காலியில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

தங்கும் அறை, சாப்பாடு இரண்டும் பரவாயில்லை. பேச்சுப் பயிற்சி நடக்கும் கூடத்தில் தகரக் கூரை, எதிரொலி அதிகம். பதிவு தெளிவாக வேண்டுமென்றால் வேப்பமரத்தடிக்குப் போய்விடுங்கள்.

முனைவர் பட்டத்தில் முதல் வருடம் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். சொல்வதற்கு முடிவு ஏதும் இல்லாமல் வந்தால் பயிற்சி காற்றில் போகும். களப்பணி முடித்து எண் கையில் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். இளம் ஆய்வாளர்களின் எளிய நடைக் கட்டுரைகளுக்கென அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் தொடங்கிய அவ்சர் போட்டி மாதிரியானவற்றுக்கு மட்டும் தயாராக நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. இங்கே எழுத்து பலவீனம், பேச்சு பலம்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கிராமக் கூட்டம் எந்தத் திதியில் வருகிறது? இந்த முறை கேட்பவர்களாக வரும் ஆறு பேரும் எந்தத் தொழில்? ஒரு மாதம் கழித்து வரும் போனில் யார் பேசுவார்கள்? இந்த மூன்றாவதை மறக்காதீர்கள். கட்டணத்தில் அதுவும் சேர்த்தி. முப்பது நாள் கழித்து, நடத்துபவர்கள் உங்கள் பேச்சைக் கேட்ட அக்காவிடமே போன் போட்டு, "அன்னைக்கு அந்தத் தம்பி என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்காக்கா?" என்று கேட்டுப் பதிவை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். கேட்டு வாங்காவிட்டால் அது வருவதில்லை.